மாத்திரையா, மஞ்சட்கருவா?

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதி மாணவியரைப் பெற்றோர் பார்க்க வரும் நாள். பரமத்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார் முறுக்கு டப்பாவை மகளிடம் கொடுத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து விடுதிச் சிஸ்டரிடம் நீட்டினார். கூடவே ஒரு மாத்திரை அட்டை.

"சிஸ்டர், வைட்டமின் ஏ மூளையைக் காப்பாத்தும்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க. பாப்பாவுக்குத் தெனம் ஒண்ணு குடுக்கலாமுங்களா? படிச்சதெல்லாம் மறந்து போவுதுன்னு போன்ல அழுவுறாளுங்க."

சிஸ்டர் அந்த அம்மாவை அமரவைத்துப் பேசி, மாத்திரை அட்டையைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார். செய்தித்தாள் துண்டு மட்டும் மறுநாள் உயிரியல் வகுப்பில் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. "டாக்டராகவும் நர்சாகவும் போகப் போகிறவர்கள் நீங்கள்தாமே! படித்துப் பார்த்து உங்கள் கருத்தை ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்பது உத்தரவு. மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவினர் பதினொருவர் கூடிப் படித்ததன் விளைவு இக்கட்டுரை. எங்களுக்குள் சண்டையும் வந்தது. 'சத்து மாத்திரைதானே, தின்றால் என்ன கெட்டுவிடும்?' என்று இருவர் கடைசி வரையில் வாதாடினர். அவர்களுக்கும் சேர்த்தே இங்கு விடை சொல்ல முயன்றிருக்கிறோம்.

முதலில், அந்தச் செய்தி பொய்யன்று. மூளை என்றவுடன் நரம்பணுக்களையே நாம் நினைக்கிறோம். அவற்றினிடையே ஊர்க்காவலர் போல உலவும் சிற்றணுக்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஹொர்டேகா என்பார் 1919-இல் அவற்றை இனம்பிரித்துக் காட்டினார். மைக்ரோகிளியா என்பது அவற்றின் பெயர். கிருமி நுழைந்தாலும், அடிபட்டாலும், செத்த அணுக்களின் குப்பை சேர்ந்தாலும் இவை விழித்துக்கொள்ளும். நச்சுத்தன்மையுள்ள சில பொருள்களை உமிழ்ந்து பகைவனைத் தாக்கும். விரலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அதைப்போன்ற அழற்சிதான் இதுவும். வேலை முடிந்ததும் காவலர் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் தடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அடிபடுவது வீட்டுக்காரர் அன்றோ? அல்ஸைமர் என்னும் மறதி நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் இத்தகைய ஓயாத அழற்சி காணப்படுகிறது.

இங்கேதான் வைட்டமின் ஏ வருகிறது. நாம் உண்ணும் வைட்டமின் ஏ ஈரலில் சேமிக்கப்பட்டு, வேண்டும்போது இரத்தத்தில் ஏறி, அணுக்களுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. இந்த அமிலம் அணுவின் உட்கருவுக்குள்ளேயே போய், அங்குள்ள ஏற்பிகளில் பொருந்தி, சில மரபணுக்களை முடுக்கிவிடவும் சிலவற்றை அடக்கவும் வல்லது. அந்த ஏற்பிகளை 1987-இல்தான் கண்டறிந்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தமீம் தீன் முதலானோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் மைக்ரோகிளியா அணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றைச் சீண்டிவிட்டு, ரெட்டினாயிக் அமிலத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சிப் பொருள்களின் உற்பத்தி குறைந்தது. மறதி நோய் வரும்படி உருவாக்கிய சுண்டெலிகளுக்கு அதே அமிலத்தைக் கொடுத்தபோது மூளையில் சேர்ந்த கசடும் குறைந்தது, வழி கண்டுபிடிக்கும் திறனும் தேறிற்று என்று 2008-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வைட்டமின் ஏ இல்லாத தீனியில் வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில், நினைவைப் பதியவைக்கும் பகுதி வேலை செய்வது குன்றுகிறது; வைட்டமினைத் திரும்பக் கொடுத்ததும் அது மீள்கிறது என்று 2001-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்தபோது எங்களுக்கே ஆசை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தேர்வுக்காலம் அல்லவா!

ஆனால் கிண்ணம் வேறு, எலி வேறு, பரமத்தியிலிருந்து வந்த பெண் வேறு. வைட்டமின் ஏ குடும்பத்தை ஒட்டிய பெக்ஸரோட்டீன் என்ற புற்றுநோய் மருந்து, சில நாள்களிலேயே சுண்டெலி மூளையின் கசடைக் கரைத்துவிடுகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அவ்வாறு நிகழவில்லை. பின்னர் மறதி நோயாளிகள் 20 பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்க்கையில், எதிர்பார்த்த பலன் இல்லை. இரத்தத்தில் கொழுப்பு ஏறியதுதான் மிச்சம். செய்தித்தாள்களில் முதல் செய்தி பெரிய எழுத்தில் வரும். இரண்டாம் செய்தி வருவதே இல்லை. அந்தத் தாயார் கத்தரித்து வைத்திருந்ததும் முதல் செய்தியைப் போன்றதுதான். அவரைக் குறை கூற என்ன இருக்கிறது?

நாங்கள் இவ்வாறு மைக்ரோகிளியாவோடு மல்லாடிக்கொண்டிருக்கையில், புதன்சந்தையிலிருந்து வரும் தோழி ஒருத்தி, "இதில் பாதி எங்கள் அப்பாவுக்கே தெரியுமே!" என்றாள். அவள் வீட்டில் கோழிப்பண்ணை. நாமக்கல்லில் கோழி மருத்துவம் கற்பிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரியே 1985-லிருந்து இருக்கிறது. அங்குள்ளோர்க்கு இது பாலபாடமாம். கோழித் தீனியில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு ஆகியவற்றோடு வைட்டமின் கலவையையும் சேர்ப்பார்கள். வைட்டமின் ஏ வெயிலும் வெப்பமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும் பொருள். கலவை பழையதாகிவிட்டதென்றால் முதலில் அடிபடுபவை குஞ்சுகள். கொண்டை வெளுக்கும். கண்ணில் பாலாடைக்கட்டி போல் சீழ் திரண்டு இமை ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், குடித்தவன் போல் தள்ளாடி நடக்கும். அவள் தாத்தா காலத்தில் இதைப் பேய்க்காற்று அடித்தது என்றார்களாம்!

கண்ணுக்கு வைட்டமின் ஏ வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். கால் ஏன் தள்ளாட வேண்டும்? அந்தக் கேள்வியைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி எங்களுக்குக் கிட்டியது. மூளையைச் சூழ்ந்து ஒரு நீர் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் அந்நீரின் அழுத்தம் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் கன்றுகளை வைத்து 1940-லேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். கோழிக் குஞ்சுகளிலும் பின்னர் அதையே கண்டார்கள். ஆக, வைட்டமின் ஏ மூளைக்குத் தொடர்புடையது என்பது நேற்றைய செய்தியன்று.

வியப்பு அடுத்துத்தான் வருகிறது. வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினாலும் அதே நீரின் அழுத்தம் ஏறுகிறது! குறைந்தாலும் தலைக்குள் இறுக்கம், மிகுந்தாலும் தலைக்குள் இறுக்கம். எங்களுள் வாதாடிய இருவரும் இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. வைட்டமின் சி அதிகமானால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ அப்படியன்று. கொழுப்பில் கரைவது, ஈரலில் தங்குவது, நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவது.

இது எங்கோ நடப்பதன்று. எங்களுள் ஒருத்தியின் அக்கா வேறோர் ஊரில் கல்லூரியில் படிக்கிறார். முகப்பருவுக்கு நல்லதென்று தோழி சொன்னதைக் கேட்டு, மருத்துவரிடம் காட்டாமலே ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கி வந்தார். அது ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்து. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்ததே. சில வாரங்களில் காலையில் எழுந்தால் தலைவலி, பிறகு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண் மருத்துவர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தவுடன், "என்னம்மா மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டாராம். மாத்திரையை நிறுத்திய பின் மெல்ல மெல்லச் சரியாயிற்று. அந்த மருந்தை மருத்துவர்கள் கடுமையான பருவுக்கு, இரத்தச் சோதனை செய்து, கண்காணித்துக் கொடுக்கிறார்கள். கருவுற்ற பெண் அதை உண்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் ஆபத்து மிகுதி. கருவுற்ற தாய்மார் சாதாரண வைட்டமின் ஏ மாத்திரையையும் நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் கொள்ளலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. இதை ஒரு பெண்கள் பள்ளி மலரில் எழுதலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். "பெண்கள் பள்ளி மலரில் எழுதாமல் வேறெங்கு எழுதுவது?" என்றார்.

வீட்டில் தந்தையார் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராயின் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீரையிலும் பழத்திலும் உள்ள பீட்டா கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுவது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவைப் பார்த்தால், மாத்திரை உண்டவர்க்கே புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். கீரையை உண்டு எவருக்கும் இவ்வாறு நேர்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் மாத்திரையே கூடாதா என்று கேட்பார்கள். கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கொரு முறை அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தம்பி தங்கையருக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். 1970-இல் இத்திட்டம் தொடங்கிய காலத்தில் கருவிழி கரைந்து பார்வையிழந்த குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். எங்களுள் ஒருத்தியின் அம்மாயிக்குச் சிறுவயதில் மாலைக்கண். விளக்கு வைத்த பின் திண்ணையை விட்டு இறங்கமாட்டாராம். ஆட்டு ஈரலைச் சுட்டுச் சுட்டுக் கொடுத்துத்தான் தேற்றினார்களாம். ஈரலில்தான் வைட்டமின் ஏ சேர்ந்திருக்கிறது என்பதை அறியாமலே நம் முன்னோர் அதைக் கையாண்டிருக்கிறார்கள். தோபித்து ஆகமத்தில் வானதூதர் ரபேல் மீனின் இதயத்தையும் ஈரலையும் பித்தப்பையையும் பத்திரப்படுத்தச் சொல்வார். அங்கே தோபித்தின் கண்ணைத் திறந்தது பித்தம்தான், ஈரல் அன்று என்று மறைக்கல்வி சிஸ்டர் திருத்தியதால், அந்த உவமையை விட்டுவிட்டோம்!

நாங்கள் மிகவும் மதித்துப் படித்த ஆய்வு ஒன்றுண்டு. அது நடந்தது அமெரிக்காவிலன்று. நாமக்கல்லை ஒட்டிக் கிடக்கும் திருச்சி மாவட்டத்தில். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாவும் அவரோடு உழைத்தவர்களும் பள்ளிப் பருவம் எட்டாத குழந்தைகள் 15,419 பேரைத் தேர்ந்து, ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு தேடிப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு வைட்டமின் ஏ கலந்தது, மறுசாராருக்குக் கலவாதது. கொடுத்தவருக்கும் எது எதுவென்று தெரியாது. 1990-இல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களும், உண்ண வழியில்லாமல் மெலிந்து கிடந்தவர்களுமே மிகுதியும் பிழைத்தவர்கள்.

அவர்கள் கொடுத்த அளவைக் கவனியுங்கள். வாரத்திற்கு 8,333 அலகு, அதாவது 2,500 மைக்ரோகிராம். ஒரு குழந்தை வாரம் முழுதும் சாப்பாட்டிலேயே பெறக்கூடிய அளவு அது. பெரிய மருந்தன்று. சிறிது சிறிதாக, வாராவாரம். அவ்வளவே!

இன்னொரு நுட்பமும் உண்டு. அக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் வருவது குறையவில்லை என்று அடுத்த ஆண்டே அவர்கள் எழுதினார்கள். நோய் இரு சாராருக்கும் ஒரே மாதிரி வந்தது. வந்த நோயில் செத்தவர்கள்தாம் குறைவு. உள்ளே எழுந்த போரை உடல் அளவோடு நடத்தி முடித்துக்கொண்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இது எங்கள் ஊகம், ஆய்வாளர் சொன்னதன்று. மூளையின் காவலர்களைப் பற்றிப் படித்துவிட்டு இதைப் படித்தபோது எழுந்த எண்ணம், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கொரு பெரிய அளவு கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. இறப்பு குறைந்தது 4 சதவீதமே. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்னும்படியான அளவு. இடம் வேறு, காலம் வேறு, கொடுத்த முறையும் வேறு. ஆகையால் இரண்டையும் தராசில் வைத்து ஒன்றை வெல்லவைக்க எங்களால் இயலாது. ஆயினும், குறைவு உள்ள உடலுக்குத்தான் வைட்டமின் ஏ மருந்து என்பதும், சிறிய அளவு தவறாமல் சேர்வது நல்லது என்பதும் எங்களுக்கு உறுதியாகப் பட்டது. நன்றாக உண்கிற ஒரு பெண் மாத்திரையையும் விழுங்கியதால் மதிப்பெண் கூடினாள் என்று நாங்கள் படித்தவற்றில் ஒரு வரியும் இல்லை.

சரி, நம் பெண்கள் நன்றாக உண்கிறார்களா? இதைக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்தோம்.

நாம் வாழ்வது முட்டை நாட்டில். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை போகிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். அவர்கள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்து, இப்போது பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை கிடைக்கிறது. ஆனால் சத்துணவுக் கூடத்துப் பின்புறம் போய்ப் பாருங்கள். காக்கைகள் கொத்தித் தின்பது எதை? மஞ்சட்கருவை! வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை உருட்டிவிடும் தங்கைகள் எத்தனை பேர்! 'வாடை அடிக்கிறது அக்கா' என்பார்கள். முட்டையிலுள்ள வைட்டமின் ஏ முழுவதும் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. வெள்ளையில் சிறிதும் இல்லை. மகளுக்கு மூளை வளர வேண்டுமென்று மாத்திரை வாங்கும் தாய்மார், அவள் கீழே போடும் மஞ்சட்கருவைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! (நாட்டு முட்டைக்கு மஞ்சள் அதிகம், ஆகவே சத்து அதிகம் என்று ஒரு பேச்சுண்டு. மஞ்சள் நிறத்தைத் தருவது தீனியிலுள்ள வேறொரு நிறமி. அது வைட்டமின் ஏ அன்று. பண்ணைக்காரர் மகள் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள்.)

முட்டையை மட்டும் நம்பினாலும் போதாது. ஒரு முட்டையில் உள்ளது ஏறத்தாழ 75 மைக்ரோகிராம். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 840 மைக்ரோகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. மீதியைக் கீரையும் பழமும் பாலும்தான் தர வேண்டும். குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரின் பழைய அட்டவணையில், 100 கிராம் கேரட்டில் கரோட்டின் 1,890 மைக்ரோகிராம் என்றால், முருங்கைக்கீரையில் 6,780. நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் கறிவேப்பிலையில் 7,560! இந்தக் கரோட்டின் முழுவதும் வைட்டமின் ஏ ஆவதில்லை, ஒரு பகுதியே ஆகும். எனினும் ஊட்டி கேரட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை வேலியோர முருங்கைக்குக் கொடுக்க மறந்தோமே! நம் சேலத்து மாம்பழத்திலும் உண்டு, பப்பாளியிலும் உண்டு. ஒரு கரண்டி கடலெண்ணெயோ ராசிபுரத்து நெய்யோ சேராவிட்டால் கரோட்டின் உடலில் ஏறாது. கீரையை வெறும் நீரில் வேகவைத்துக் கொடுப்பது பாதி வீண். தவக்காலத்தில் முட்டையை விட்டுவிடும் வீடுகளில் இதை நினைவில் வைத்தால் நன்று.

ஜவ்வரிசியைப் பற்றியும் ஒரு சொல். எங்களுள் இருவர் வீட்டில் குச்சிக்கிழங்கு வெள்ளாமை. ஆத்தூர்ப் பக்கம் ஆலைப் புகைபோக்கி இல்லாத ஊர் குறைவு. நம் மாவட்டங்களுக்குச் சோறு போடும் பயிர் அது. அதைப் பழித்தால் எங்களுக்கு அடி விழும். ஆனால் காய்ச்சல் வந்தாலும், தேர்வு வந்தாலும், உடம்பு தேற ஜவ்வரிசிக் கஞ்சி என்று கொடுக்கிறார்களே, அதில் இருப்பது மாவுச்சத்துத்தான். வைட்டமின் ஏ ஒரு துளியும் இல்லை. கஞ்சியோடு வேறொன்றும் கொடுங்கள்.

இப்போது எங்கள் மனக்குறையைச் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் சத்துணவு நின்றுவிடுகிறது. பதினாறு வயதில், இரத்தமும் எலும்பும் கேட்கும் வயதில், மேல்நிலை மாணவியின் மதியச் சாப்பாடு புளிச்சோறும் ஊறுகாயும். காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அதுவும் பாதி. வீட்டில் முட்டை பொரித்தால் முதலில் தம்பிக்கு, அப்புறம் அப்பாவுக்கு. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு? சூடு" என்று ஒரு காரணம். பப்பாளியும் சூடு, மாம்பழமும் சூடு. மாத்திரை மட்டும் சூடில்லையாம்! அட்டை அட்டையாக வாங்கித் தரத் தயங்காத கை, ஒரு முட்டையை மகள் தட்டில் வைக்க ஏன் தயங்க வேண்டும்? அப்பாமார்களே, இதை நீங்கள் படிப்பீர்களென்று நம்பி எழுதுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் கடைசியாக உண்பவர் அம்மா என்பதையும், அவருக்கும் மூளை உண்டு என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பள்ளி நிர்வாகத்திடம் நாங்கள் வைத்த விண்ணப்பம் சிறியது. மேல்நிலை மாணவியருக்கு வாரம் மூன்று நாளாவது அவித்த முட்டை விலைக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். சமையற்கூடத்தின் பின்னால் முருங்கை வைக்க வேண்டும். முட்டையைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுவதாகத் தலைமைச் சிஸ்டர் கூறியிருக்கிறார். முருங்கைக்குத்தான் தடைகள் எழுந்தன. கிளை முறியும், பெண்கள் ஏறி விழுவார்கள் என்றார் ஒரு சிஸ்டர். கம்பளிப்பூச்சி வரும் என்றார் இன்னொருவர். "கீரையை யாரு கண்ணு ஆயறது? நானா?" என்று சமையற்கார அக்கா இடுப்பில் கை வைத்தார். அவர் கேட்டதுதான் நியாயமான கேள்வி. இரவுப் படிப்புக்கு முன் அரைமணி நேரம் விடுதி மாணவியர் முறைவைத்து ஆய்ந்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மழைக்கு முன் இரண்டு போத்து நட்டோம். ஒன்றைப் பக்கத்து வீட்டு வெள்ளாடு வேலிக்குள் தலையை விட்டுத் தின்றுவிட்டது. மற்றொன்று துளிர்த்து முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பரமத்தி அம்மா கொண்டுவந்த மாத்திரை அட்டை சிஸ்டரின் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது. சென்ற ஞாயிறன்று அவர் மறுபடி வந்தபோது முறுக்கு டப்பாவோடு ஒரு சிறு தூக்கும் இருந்தது. திறந்து பார்த்தோம். முருங்கைக்கீரைப் பொரியல், மேலே இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறியது. எங்கள் பதினொருவருக்கும் ஆளுக்கொரு வாய்தான் கிடைத்தது.